ரெடிஸ் பப்-சப்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் மாதத்துக்குள் ஒருமுறையாவது என் மேசைப் பக்கம் வந்து, ரெடிஸ் பப்-சப் (பப்ளிஷ்-சப்ஸ்கிரைப், ரெடிஸ் வழியாகப் புரோகிராம்கள் செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி) பற்றி ஏதாவது கேட்டுவிடுவார்கள். ஆள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி வைத்துவிட்டேன்.

பதில்களில் ஒரே உதாரணத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: ஒரு கிளினிக்கின் டோக்கன் திரை. மருத்துவர் அறையில் ‘அடுத்தவர்’ பொத்தானை அழுத்தினால் கூடத்தில் உள்ள டிவியில் எண் மாற வேண்டும், ஸ்பீக்கர் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மருந்துக் கவுன்ட்டரிலும் அது தெரிய வேண்டும். நாங்களே செய்த வேலை இது. கீழே வரும் தப்புகளும் நாங்கள் செய்தவைதான்.

ரெடிஸ்னா கேஷ்தானே? அதுல எப்படி மெசேஜ் அனுப்புறது?

பெரும்பாலானவர்கள் கேஷாகப் பயன்படுத்துவதால் அப்படி ஒரு பெயர் வந்துவிட்டது. ரெடிஸ் என்பது தரவை ரேமில் வைத்துக்கொள்ளும் ஒரு சர்வர். இத்தாலியரான சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2009-ல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு வந்த 2.0 பதிப்பிலேயே பப்-சப் சேர்ந்துவிட்டது.

வேலை செய்யும் விதம் எளிது. ஒரு புரோகிராம் ஒரு சேனலின் பெயரைச் சொல்லி ‘இதில் வருவதை எனக்குக் கொடு’ என்று காத்திருக்கும், அது சப்ஸ்கிரைபர். இன்னொரு புரோகிராம் அதே பெயரில் ஒரு செய்தியை அனுப்பும், அது பப்ளிஷர். அந்த நொடியில் காத்திருக்கும் எல்லோருக்கும் ரெடிஸ் ஒவ்வொரு பிரதியைத் தள்ளிவிடும். அனுப்புகிறவருக்கு யார் கேட்கிறார்கள் என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். நாளைக்கு இரண்டாவது மாடியில் இன்னொரு டிவி மாட்டினால், மருத்துவர் அறை புரோகிராமில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

முதல்ல சும்மா ஓட்டிப் பார்க்கணும், என்ன பண்ணட்டும்?

இரண்டு டெர்மினல் திறந்து இரண்டிலும் ரெடிஸ் சிஎல்ஐ-யை (கட்டளைகளை நேரடியாக அடித்துப் பார்க்கும் கருவி) ஓடவிடுங்கள். முதலாவதில் ‘சப்ஸ்கிரைப் டோக்கன்:அறை1’ என்று கொடுத்தால் மூன்று வரி பதில் வந்து, கர்சர் அப்படியே நின்றுவிடும். இரண்டாவதில் ‘பப்ளிஷ் டோக்கன்:அறை1 23’ என்று கொடுங்கள். முதல் ஜன்னலில் மீண்டும் மூன்று வரி வரும்: செய்தி வகை, சேனல் பெயர், 23. அனுப்பிய ஜன்னலில் 1 என்று ஒரு எண் வரும். அந்த 1 என்ன என்று கீழே சொல்கிறேன். அதை வைத்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

தமிழ்ல அனுப்பினா கிறுக்கல் மாதிரி வருதே, ரெடிஸ் யூனிகோடு தாங்காதா?

ரெடிஸுக்கு எந்த மொழியும் தெரியாது. கொடுத்த பைட்டுகளை அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. ‘வணக்கம்’ என்று அனுப்பினால் யூடிஎஃப்-8-ல் அது 21 பைட்: மெய்ப்புள்ளிகளையும் தனியாக எண்ணினால் ஏழு குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். சிஎல்ஐதான் அவற்றைப் பதினாறடிமான எண்களாகக் காட்டிப் பயமுறுத்துகிறது. ‘ரா’ என்ற ஆப்ஷனைச் சேர்த்துத் திறந்தால் ஒழுங்காகத் தமிழிலேயே தெரியும். பைத்தானில் ‘டீகோட் ரெஸ்பான்ஸஸ்’ என்பதை ட்ரூ ஆக்கிவிடுங்கள். சேனலுக்கே தமிழில் பெயர் வைத்தாலும் வேலை செய்யும்.

சேனலை முன்னாடியே உருவாக்கி வைக்கணுமா?

வேண்டாம். யாராவது கேட்கத் தொடங்கினால் சேனல் இருக்கிறது, கடைசி ஆள் போனதும் இல்லை. இதனால் ஒரு தொந்தரவும் உண்டு: பெயரில் ஓர் எழுத்து தப்பாக அடித்தால் எந்த எரரும் வராது. ‘அறை1’க்கு ஒருவர் அனுப்ப, ‘அறை-1’ஐ இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்தால் இருவரும் சாயங்காலம் வரை அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். சேனல் பெயர்களை ஒரே இடத்தில் மாறிலியாக வைத்து, எல்லோரும் அங்கிருந்து எடுத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று: ரெடிஸில் 0, 1, 2 என்று எண்ணிட்ட டேட்டாபேஸ்கள் உண்டல்லவா, சேனல்களுக்கு அந்தப் பிரிவினை கிடையாது. டெஸ்டிங்குக்கு 5-ஆம் எண், நிஜத்துக்கு 0 என்று பிரித்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தோம். ஒருநாள் டெஸ்டிங்கில் அனுப்பிய ‘டோக்கன் 999’ நிஜக் கூடத்தில் ஒலித்தது. பெயருக்கு முன்னால் ‘டெஸ்ட்:’ என்று சேர்த்துவிடுங்கள், அல்லது தனி சர்வரே வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் கேட்காத நேரத்துல அனுப்பினா அந்த மெசேஜ் எங்க போகும்?

எங்கேயும் போகாது. போனது போனதுதான். பேருந்து நிலையத்தில் மைக்கில் சொல்வது போல. அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தவருக்குத் திரும்பச் சொல்ல மாட்டார்கள். டிஸ்க்கிலும் எழுதப்படுவதில்லை: ரெடிஸ் தன் தரவைச் சேமிக்கும் ஆர்டிபி கோப்பிலும் இருக்காது, ஏஓஎஃப் கோப்பிலும் இருக்காது. ஒரு செய்தி அதிகபட்சம் ஒருமுறை போய்ச் சேரும், சேராமலும் போகலாம்: ரெடிஸ் தரும் உத்தரவாதம் அவ்வளவுதான். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். எதையும் சேமிக்காததால்தான் இவ்வளவு வேகமாகவும் லேசாகவும் இருக்கிறது. இங்கே பிரச்சினை என்று வருவதில் பாதி, சேமித்து வைக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்வதால் வருவது.

பப்ளிஷ் பண்ணா 3-னு பதில் வருது. மூணு பேருக்கும் சேர்ந்துடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. மூன்று கனெக்ஷன்களின் வெளிச்செல்லும் பஃபரில் (அனுப்பக் காத்திருப்பவை ரேமில் நிற்கும் இடம்) ரெடிஸ் அதை எழுதி வைத்தது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். அதற்கப்புறம் நெட்வொர்க் அறுந்திருக்கலாம், டிவிப் பெட்டி தொங்கிப்போயிருக்கலாம். வாங்கியவர் ‘கிடைத்தது’ என்று திருப்பிச் சொல்லும் ஏற்பாடே பப்-சப்பில் இல்லை.

0 வந்தால் யாருமே கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம், ஒரே சர்வராக இருந்தால் மட்டும். பல ரெடிஸ் சர்வர்கள் (நோடுகள்) சேர்ந்த கிளஸ்டரில் அந்த எண், நீங்கள் பேசிய நோடில் இருப்பவர்களை மட்டுமே கணக்கிடும். 0 வந்தாலும் வேறு நோடில் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பைத்தான்ல நான் ஒண்ணும் அனுப்பாமலே முதல் மெசேஜா 1 வருது, யார் அனுப்புறா?

யாரும் அனுப்பவில்லை. ‘உங்களைச் சேர்த்துக்கொண்டேன், இப்போது நீங்கள் ஒரு சேனலில் இருக்கிறீர்கள்’ என்ற ரசீது அது. வகையைப் பார்த்தால் ‘மெசேஜ்’ என்று இருக்காது, ‘சப்ஸ்கிரைப்’ என்று இருக்கும். வகையைப் பார்க்காமல் டேட்டாவை மட்டும் எடுத்தவர்களின் திரையில் காலையில் முதல் டோக்கனே இரண்டு முறை அழைக்கப்படும். ரசீதுகளை ஒதுக்கிவிட ஒரு ஆப்ஷன் உண்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடாதீர்கள். பின்னால் ஓர் இடத்தில் இந்த ரசீது வேண்டியிருக்கும்.

சப்ஸ்கிரைப் பண்ண கனெக்ஷன்லயே கெட் போட்டா எரர் அடிக்குதே?

கெட் என்பது சேமித்து வைத்த மதிப்பைப் படிக்கும் கட்டளை. ரெடிஸோடு புரோகிராம்கள் பேசும் பழைய ஆர்இஎஸ்பி2 நெறிமுறையில் அப்படித்தான். கேட்கும் நிலைக்குப் போன கனெக்ஷனில் சப்ஸ்கிரைப், அன்சப்ஸ்கிரைப் வகைகள், பிங், குவிட், ரீசெட் தவிர வேறு எதையும் ஏற்காது. வருவது கேட்ட கேள்விக்குப் பதிலா, யாரோ அனுப்பிய செய்தியா என்று பிரித்துக்காட்ட அந்த நெறிமுறையில் வழியில்லை. 2020-ல் 6.0 பதிப்போடு வந்த ஆர்இஎஸ்பி3-ல் தள்ளிவிடும் செய்திக்குத் தனி அடையாளம் இருப்பதால் இந்தத் தடை இல்லை. என் வழக்கம் எளிது: கேட்பதற்கு ஒரு கனெக்ஷன், மற்ற வேலைக்கு வேறொன்று. பிழை தேடும்போது இது எவ்வளவு நிம்மதி என்று தெரியும்.

கரண்ட் போய் வந்தா டிவியில பழைய நம்பரே நிக்குது. பப்-சப்பை வச்சு இதைச் சரிபண்ண முடியாதா?

பப்-சப்பை மட்டும் வைத்து முடியாது. டிவிப் பெட்டி மீண்டும் எழுந்து வருவதற்குள் மூன்று டோக்கன் தாண்டியிருக்கும், அந்த மூன்று செய்தியும் காற்றில் கரைந்தவை. எனவே எண்ணை அறிவிப்பதோடு ஒரு கீயிலும் (ரெடிஸ் ஒரு மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்) எழுதி வைக்க வேண்டும். மருத்துவர் அறை புரோகிராம் முதலில் ‘செட்’ செய்து, அப்புறம் ‘பப்ளிஷ்’ செய்ய வேண்டும். இரண்டையும் மல்டி, எக்ஸெக் என்ற கட்டளைகளுக்கு நடுவே போட்டால் இடையில் வேறு கட்டளை புகாது. எழுந்து வரும் திரை அந்தக் கீயைப் படித்து எண்ணைக் காட்டும், பிறகு சேனலைக் கேட்கும்.

மேலே கடைசி வாக்கியத்தில் வேண்டுமென்றே ஒரு தப்பை விட்டிருக்கிறேன். முதலில் படித்துவிட்டு அப்புறம் கேட்கத் தொடங்கினால், படித்ததற்கும் கேட்கத் தொடங்கியதற்கும் நடுவே வந்த டோக்கன் தவறிவிடும். சில மில்லிசெகண்ட்தான், ஆனால் காலை பத்து மணிக் கூட்டத்தில் அது நடந்தே தீரும். வரிசையைத் திருப்புங்கள்: முதலில் சப்ஸ்கிரைப், அதன் ரசீது (மேலே சொன்ன அந்த 1) வரும் வரை பொறுமை, அதன் பிறகு மற்ற கனெக்ஷனில் கெட். இதனால் ஒரே செய்தி இரண்டு வழியிலும் வரலாம். தவறுவதைவிட இரண்டு முறை வருவது மேல்.

இரண்டு முறை வந்ததை எப்படி ஒதுக்குவது? ‘கையில் இருப்பதைவிடச் சின்ன எண் வந்தால் விட்டுவிடு’ என்றுதான் முதலில் எழுதினோம். ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்த 17-ஆம் எண்காரரை 23-க்கு அப்புறம் மருத்துவர் திரும்பக் கூப்பிட்டார். திரை அசையவே இல்லை. பாவம், அவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். டோக்கன் எண் வேறு, நிகழ்வின் வரிசை எண் வேறு. ‘இன்கர்’ கட்டளையால் ஒவ்வோர் அழைப்புக்கும் ஏறுமுகமான ஓர் எண் வாங்கி, கீயிலும் செய்தியிலும் டோக்கனோடு சேர்த்து அனுப்புங்கள். ஒப்பிடுவது அந்த எண்ணை மட்டும்.

ஒவ்வொரு அறைக்கும் தனியா சப்ஸ்கிரைப் பண்ணாம, ஸ்டார் போட்டு மொத்தமா கேட்க முடியுமா?

முடியும், ‘பி-சப்ஸ்கிரைப்’ அதற்குத்தான். ‘டோக்கன்:’ என்பதற்குப் பின் நட்சத்திரக்குறி போட்டால் எல்லா அறைகளும் வந்துவிடும். செய்தியின் வகை ‘பி-மெசேஜ்’ என்று மாறி, எந்த வடிவத்தோடு பொருந்தியது என்ற தகவலும் கூட வரும். ஒரே கனெக்ஷனில் வடிவத்தையும் அதற்குள் அடங்கும் சேனலையும் சேர்த்துக் கேட்டால் செய்தி இரண்டு முறை வரும். எரர் இல்லை, அதன் இயல்பே அப்படித்தான். வடிவங்களை அளவாக வையுங்கள்: ஒவ்வொரு பப்ளிஷின்போதும் சர்வரில் பதிவான எல்லா வடிவங்களையும் ரெடிஸ் ஒப்பிட்டுப் பார்க்கும்.

அனுப்புன வரிசையிலேயே வருமா?

ஒரே கனெக்ஷனிலிருந்து அனுப்பினால் வரும். கட்டளைகளை ரெடிஸ் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் புரோகிராமில் நான்கு த்ரெட், அவற்றுக்கு ஒரு கனெக்ஷன் பூல் என்றால், நீங்கள் நினைத்த வரிசையும் சர்வரை எட்டிய வரிசையும் வேறாக இருக்கலாம். மேலே சொன்ன இன்கர் எண் இதையும் காட்டிக்கொடுக்கும்.

அஞ்சு வொர்க்கர் ஓடுது, ஒரே எஸ்எம்எஸ் அஞ்சு தடவை போகுது. ஏன்?

ஐந்து வொர்க்கரும் (பின்னணியில் வேலை செய்யும் புரோகிராம்கள்) ஒரே சேனலைக் கேட்பதால்தான். பப்-சப் என்றால் கேட்கும் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி. வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் குணம் இல்லை. ‘உங்கள் முறை வருகிறது’ என்று ஒரே நோயாளிக்கு ஐந்து முறை எஸ்எம்எஸ் போன அன்று, கிளினிக் வரவேற்பறையிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பை இன்னும் மறக்கவில்லை.

ஒரு வேலையை ஒருவர் மட்டும் எடுக்க வேண்டும் என்றால் லிஸ்ட் போதும். ஒரு பக்கம் ‘எல்புஷ்’, மறுபக்கம் ஐந்து வொர்க்கரும் ‘பிஆர்பாப்’பில் காத்திருப்பார்கள், ஒன்றை ஒருவருக்குத்தான் கொடுக்கும். எடுத்த வொர்க்கர் பாதியில் செத்தால் வேலையும் அவரோடு போய்விடும். அதையும் தாங்க வேண்டுமென்றால் ஸ்ட்ரீம்ஸ், அதைக் கீழே பார்க்கலாம்.

சப்ஸ்கிரைபர் கனெக்ஷன் அடிக்கடி தானா அறுந்துபோகுது. ரெடிஸே வெட்டுதா?

அப்படித்தான் இருக்கும். வாங்குகிறவர் மெதுவாகப் படித்தால் அவருக்கான செய்திகள் சர்வரின் ரேமில் குவியும். அது எல்லோரையும் பாதிக்கும் என்பதால் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள்: பப்-சப் கனெக்ஷனுக்கு இயல்பாகவே 32 எம்பி தொட்டால் உடனே துண்டிப்பு, 8 எம்பிக்கு மேல் தொடர்ந்து 60 விநாடி இருந்தாலும் துண்டிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 கேபி ஜேசன் விநாடிக்கு நூறு வந்தால் 2 எம்பி. வாங்குகிறவர் அதில் பாதியைத்தான் படிக்கிறார் என்றால், அரை நிமிடத்தில் 32 எம்பி ஆகிவிடும். துண்டித்ததும் சர்வர் லாகில் பஃபர் எல்லை தாண்டியது என்று ஒரு வரி எழுதி வைக்கும், அங்கே தேடுங்கள்.

எல்லையை உயர்த்துவது நோயை விட்டு வலியை மட்டும் தள்ளிப்போடுவது. எங்கள் ஸ்பீக்கர் புரோகிராம், டோக்கனை வாசித்து முடிக்கும் நான்கு விநாடியும் சாக்கெட்டைத் தொடாமல் இருந்தது. படிக்கும் த்ரெட் படித்து ஒரு க்யூவில் போடட்டும், பேசுவதை இன்னொரு த்ரெட் பார்த்துக்கொள்ளட்டும். செய்தியையும் சின்னதாக்குங்கள். படத்தையே அனுப்பாமல், படம் எந்தக் கீயில் இருக்கிறது என்று அனுப்பினால் போதாதா?

லாக்ல ஒண்ணும் இல்ல. ராத்திரி முழுக்க சும்மா கிடந்தா காலையில மெசேஜே வரல.

இது வேறு கதை. ரெடிஸின் ‘டைம்அவுட்’ அமைப்பு பப்-சப் கனெக்ஷன்களைத் தொடாது. ஆனால் நடுவில் இருக்கும் ஃபயர்வாலோ லோட் பேலன்சரோ, வெகுநேரம் அசையாத கனெக்ஷனைச் சத்தமில்லாமல் மறந்துவிடும். இரு முனையும் இன்னும் இணைப்பில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை பிங் அனுப்பி, பதில் வராவிட்டால் புதிதாக இணையுங்கள். பைத்தான் லைப்ரரியில் இதற்கு ‘ஹெல்த் செக் இன்டர்வல்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. மறு இணைப்பு முடிந்ததும் டிவி எழுந்து வந்தபோது செய்த அதே சடங்கைச் செய்ய வேண்டும்: சப்ஸ்கிரைப், ரசீது, கெட்.

கீ எக்ஸ்பயர் ஆனா தானா மெசேஜ் வருமாமே? அதை அலாரம் மாதிரி வச்சுக்கலாமா?

வரும். 2.8 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு, ஆனால் இயல்பில் அணைத்து வைத்திருப்பார்கள்; நீங்கள்தான் திறக்க வேண்டும். அலாரமாக நம்பாதீர்கள். காலாவதி நேரம் வந்ததும் செய்தி கிளம்புவதில்லை. கீ உண்மையில் நீக்கப்படும்போதுதான் கிளம்புகிறது. யாராவது அந்தக் கீயைத் தொட வேண்டும், அல்லது பின்னணியில் அவ்வப்போது நடக்கும் துப்புரவு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை தாமதம்தான். வருவதும் கீயின் பெயர் மட்டும். மதிப்பு அதற்குள் போயிருக்கும். சாதாரண பப்-சப் செய்தியின் எல்லா பலவீனமும் இதற்கும் உண்டு.

இத்தனை பிரச்சினைன்னா எல்லாத்துக்கும் ஸ்ட்ரீம்ஸே போட்டுடலாமே?

2018-ல் 5.0 பதிப்போடு வந்த ஸ்ட்ரீம்ஸ், செய்தியைச் சேமித்து வைக்கிறது. தவறவிட்டவர் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். குழுவாகப் பங்கிட்டு எடுக்கலாம், முடித்ததும் ‘எக்ஸ்அக்’ கொடுக்கலாம், செத்துப்போன வொர்க்கர் விட்ட வேலையை 6.2-லிருந்து ‘எக்ஸ்ஆட்டோகிளெய்ம்’ மூலம் இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். எஸ்எம்எஸ் வேலையை நாங்கள் அங்கேதான் கொண்டுபோனோம். ஆனால் சேமிப்பது என்றால் யாராவது குப்பையும் கூட்ட வேண்டும்: வெட்டிக் குறைக்காவிட்டால் ரேம் நிறையும்.

டிவித் திரையைப் பப்-சப்பிலேயே விட்டுவிட்டேன். திரைக்குக் கடைசி எண் போதும், காலையிலிருந்து வந்த வரலாறு தேவையில்லை. ஒரு செய்தி தொலைந்தால் அடுத்தது அதைச் சரிசெய்துவிடுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் பப்-சப், இல்லை என்றால் ஸ்ட்ரீம்ஸ். காஃப்கா என்ற பெரிய செய்திப் பரிமாற்ற மென்பொருளைப் பற்றியும் கேட்பார்கள். ஒரு கிளினிக்குக்கு அது கொசுவை அடிக்கப் பீரங்கி.

கிளஸ்டர்ல எந்த நோடுல சப்ஸ்கிரைப் பண்றது?

சாதாரண பப்-சப்பில் எதில் வேண்டுமானாலும். ஒரு நோடில் அனுப்பியதை அது மற்ற எல்லா நோடுக்கும் பரப்பிவிடும். அதுவே சுமையும் ஆகிறது. நோடு கூடக் கூட, யாருக்கும் தேவையில்லாத இடத்துக்கும் செய்தி ஓடுகிறது. 2022-ல் வந்த 7.0-ல் இதற்காக ‘எஸ்-சப்ஸ்கிரைப்’, ‘எஸ்-பப்ளிஷ்’ வந்தன. கீகளைப் போலவே சேனலும் 16384 ஸ்லாட்டுகளில் ஒன்றில் விழும். அந்த ஸ்லாட் இருக்கும் பகுதிக்குள் மட்டும் செய்தி சுற்றும். அதில் ஸ்டார் போட்டுக் கேட்கும் வசதி இல்லை.

ரெப்ளிகாவுல கேட்கலாமா?

கேட்கலாம், பிரைமரியில் (மூல சர்வர்) பப்ளிஷ் ஆவது ரெப்ளிகாவுக்கும் (அதன் நகல் சர்வர்) போகும். மாறி ரெப்ளிகாவில் பப்ளிஷ் செய்தால் அந்த ரெப்ளிகாவைக் கேட்பவர்களுக்கு மட்டும்தான் போகும். மேல்நோக்கிப் போகாது, எரரும் வராது.

பாஸ்வேர்ட் போட்டாச்சே, அப்புறம் யாரும் ஒட்டுக் கேட்க முடியாதுல்ல?

பாஸ்வேர்ட் தெரிந்த எல்லோரும் எல்லாச் சேனலையும் கேட்கலாம், அனுப்பவும் செய்யலாம். ஆளுக்கு ஆள் சேனலைக் கட்டுப்படுத்தும் வசதி 6.2-ல் வந்தது. 7.0 முதல் புதிதாக உருவாக்கும் பயனருக்கு, நீங்களாகக் கொடுத்தால் ஒழிய எந்தச் சேனலும் கிடையாது. அப்கிரேடு செய்த மறுநாள் ‘அனுமதி இல்லை’ என்று எரர் வந்தால் முதலில் இங்கே பாருங்கள். டிவிப் பெட்டிக்குக் கேட்கும் அனுமதி மட்டும் போதும், பப்ளிஷ் கட்டளையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

வால்கிக்கு மாறினா இதெல்லாம் திரும்ப எழுதணுமா?

வேண்டாம். 2024 மார்ச்சில் ரெடிஸின் உரிமம் மாறியபோது லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் 7.2.4-லிருந்து பிரிந்ததுதான் வால்கி. இங்கே சொன்ன கட்டளைகள் அதிலும் அப்படியே இருக்கின்றன.

இப்ப யார் யார் கேட்டுட்டு இருக்காங்கன்னு எப்படிப் பார்க்குறது?

‘பப்சப் சேனல்ஸ்’ கொடுத்தால் உயிரோடு இருக்கும் சேனல்கள் வரும். ‘பப்சப் நம்சப்’ என்று சேனல் பெயரோடு கொடுத்தால் எத்தனை பேர் என்று வரும்; ஸ்டார் போட்டுக் கேட்பவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள், அவர்களின் வடிவங்களுக்கு ‘பப்சப் நம்பாட்’ தனியாக இருக்கிறது. எங்கள் கிளினிக்கில் அறை1-க்கு மூன்று வர வேண்டும். காலை எட்டரைக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து, இரண்டுதான் இருந்தால் வரவேற்பறைக் கணினியில் சிவப்பில் காட்டும். பெரும்பாலும் யாரோ டிவி ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு செல்போன் சார்ஜ் போட்டிருப்பார்கள்.